இழுத்தவர் தலையில்

எந்த ஊர்க் குடும்பநலக் கோர்ட் என்று கேட்க வேண்டாம். டெல்டாவில் ஒரு மாவட்டத் தலைநகர், அது போதும். தராசு என்கிற மெஷின் வந்ததிலிருந்து எல்லா ஊர்க் கோர்ட்டும் ஒரே மாதிரிதான் ஆகிவிட்டது. உள்ளே வாயைத் திறக்க ஆள் கிடையாது. வாசலுக்கு வெளியே சந்தைக்கடை இரைச்சல்.

அந்த இரைச்சலுக்கு நடுவே, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், வக்கீல் ஜெபராணி தன் கட்சிக்காரி சுபிக்ஷாவுக்குக் கடைசிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஜட்ஜம்மா ஒரு ஏற்பாடு சொல்றாங்க. பிடிக்கல. என்ன சொல்வீங்க?"

"சம்மதம் இல்லை. காரணம் மனுவுல இருக்கு."

"'கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்'?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன் மேடம்."

"எதிர்த்தரப்புல உங்க அம்மாவை இழுத்துப் பேசறாங்க."

"வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

"அழுகை வந்தா?"

"விழுங்கிடணும்."

ஜெபராணிக்குத் திருப்தி. கோர்ட்டில் எப்படிப் பேசுவது, எப்படிப் பேசாமல் இருப்பது என்று சொல்லிக்கொடுக்க இப்போது டியூஷன் சென்டரே இருக்கிறது. சுபிக்ஷா அங்கேயும் போய் வந்தவள்தான். இருந்தாலும் தன் பங்குக்கு ஒருமுறை கேட்டு வாங்கினால்தான் ஜெபராணிக்கு இளநீர் இறங்கும்.

பக்கத்தில் மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். புதிதாக வழக்குப் போட வந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. "ஏங்க்கா, இதை உள்ள போய் நிழல்ல உக்காந்து பேசக் கூடாதா?" என்றாள்.

"உள்ள பேசினா தராசுக்குக் கேக்கும்மா," என்றார் ஜெபராணி. "வராந்தா, கேன்டீன், கக்கூஸ் வாசல் வரைக்கும் காது வெச்சிருக்காங்க. இந்த கேட்டைத் தாண்டினா எட்டாது. வீட்டுக்குள்ள நடக்கிறதும் எட்டாது. அதான் எங்க ஆபீஸ் எல்லாம் இளநீர் வண்டிக்கு வந்துடுச்சு."

"கேட்டுட்டு என்ன பண்ணும்?"

"ஒவ்வொரு வாய்தாவும் யாரால ஆச்சுன்னு பிரிக்கும். மனு, பதில், கோர்ட்டுல பேசினது, வராந்தாவுல முணுமுணுத்தது, எல்லாத்தையும் அலசும். 'யோசிச்சுச் சொல்றேன்'னாக்கூட இழுத்த கணக்குல ஏறும். கடைசியில கேஸை இவர் இவ்வளவு இழுத்தார், இவங்க இவ்வளவு இழுத்தாங்கன்னு சொல்லும். பாதிக்கு மேல இழுத்தவங்க ரெண்டு பக்கத்து வக்கீல் ஃபீஸையும் கட்டணும்."

"ஜட்ஜம்மா மாத்தித் தரமாட்டாங்களா?"

"செலவு விஷயத்துல அவங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான். முன்னாடி அவங்க கையிலதான் இருந்துச்சு. ஆளைப் பாத்துப் போடறாங்கன்னு ஊரெல்லாம் கத்தி, பிடுங்கி மெஷின்கிட்ட கொடுத்தாச்சு."

அந்தப் பெண் கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்குப் பேச்சு சட்டுன்னு வராதுக்கா. அவரு நல்லாப் பேசுவாரு." பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப கேஸே போடலேன்னா செலவும் இல்லைல்ல?"

ஜெபராணி பதில் தேடி முடிப்பதற்குள் அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் சுபிக்ஷாவின் வழக்கைக் கூப்பிடும் நேரமாகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால், இந்தச் சட்டம் வந்தபோது கைதட்டியவர்களில் சுபிக்ஷாவும் ஒருத்தி. அதற்கு முன்னால் நிலைமை என்ன வாழ்ந்தது? கையில் காசு இருப்பவன் வாய்தா மேல் வாய்தா வாங்கியே எதிராளியைச் சாய்த்துவிடுவான். வக்கீல் செலவை அவனிடம் வாங்கித் தாருங்கள் என்று மனுப் போட்டால், அந்த மனுவே தனி வழக்காகி வருடக்கணக்கில் ஓடும். அதனால்தான் சட்டத்தில் புருஷன், பெண்டாட்டி என்று மட்டும் எழுதாமல், வழக்கை யார் இழுத்தாலும் அவர் தலையில் செலவு என்று எழுதினார்கள். தூண்டிவிடும் மாமியாரும் மச்சானும் தப்பக் கூடாது என்பது நோக்கம். சுபிக்ஷா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் ஒரு பெண்ணின் மாமியார் அப்படி மாட்டிக்கொண்டபோது, எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தவளே இவள்தான். சட்டம் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது.

சுபிக்ஷாவுக்கும் நவநீத்துக்கும் விவாகரத்து எப்போதோ ஆகிவிட்டது. அதில் ஒரு தகராறும் இல்லை. நவநீத் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்களைப் பழுது பார்ப்பவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அண்ணன் வாங்கிய கடனுக்கு இவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டான். அதை இவள் மன்னிக்கவில்லை. இவள் மன்னிக்காததை அவன் மன்னிக்கவில்லை. இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே அளவு, அதுதான் வினை.

இழுத்தது இன்பா விஷயம்தான். பதினோரு வயது மகள். அவள் யாரோடு இருப்பது?

வழக்கு முடிய வேண்டிய நேரத்தில் எல்லாம் ஏதாவது ஒன்று வந்து நின்றது. ஒரு வாய்தா அன்று இன்பாவுக்குக் காலையிலேயே வயிற்றுவலி. இன்னொரு முறை, அம்மாவோடு இருக்கிறேன் என்று கோர்ட் ஆலோசகரிடம் சொன்னவள், அடுத்த முறை அப்பாவோடு என்றாள். அப்பா வீட்டில் பாம்பைப் பார்த்தேன் என்றாள். கோர்ட் ஆள் போய்க் கொல்லைப்புறம் முழுக்கக் கிளறிவிட்டு, ஒரு தேரையைத் தவிர ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். "அப்பா என்னை வெளியூர் ஹாஸ்டல்ல சேக்கப் போறாராம்மா" என்று ஒருநாள் சொன்னாள். சுபிக்ஷா அன்றே மனுப் போட்டாள். "அம்மா வேற கல்யாணம் பண்ணிக்கப் போறாங்களாம்பா" என்று அங்கே சொல்லியிருக்கிறாள். நவநீத் அன்றே பதில் மனுப் போட்டான்.

"எல்லாம் அந்த ஆளு சொல்லிக்கொடுக்கிறது மேடம். புள்ளைக்கு இவ்வளவு தெரியுமா?" என்பாள் சுபிக்ஷா. எதிர்த்தரப்பு வக்கீலிடம் நவநீத்தும் அதையேதான் சொல்லியிருப்பான். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எதிராளியின் குணத்தை அப்படிக் கரைத்துக் குடித்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. என்ன பதில் வரும் என்று முன்னாலேயே தெரியுமே.

ஒவ்வொரு வாய்தாவும் முடிந்ததும் கேன்டீன். அதை இன்பா விடவே மாட்டாள். ஒரு மூலை மேசையில் சுபிக்ஷா டீ குடிப்பாள். எதிர்மூலையில் நவநீத் போண்டா தின்பான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நடுவில் இன்பா சட்னிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் நடப்பாள். "அப்பா சட்னி நல்லா இருக்குன்னாரு. உனக்கு வேணுமாம்மா?" வேண்டாம் என்றாலும் வைத்துவிட்டுப் போவாள். இந்தப் பிள்ளைக்கு என்ன இந்தச் சட்னிப் பைத்தியம் என்று சுபிக்ஷா நினைத்ததுண்டு. அதற்கு மேல் நினைத்ததில்லை.

இன்று கடைசி நாள். குழந்தை யாரிடம் என்பதையும், செலவு யார் தலையில் என்பதையும் இன்றே சொல்லிவிடுவார்கள். தராசு இவள் பக்கம் சாய்ந்தால், அம்மா விட்டுப்போன சின்ன ஃப்ளாட் ஜப்திக்குப் போகும். வீடில்லாதவளிடம் இன்பாவை விடமாட்டார்கள். அவன் பக்கம் சாய்ந்தால் பிழைத்தாள். மாடிப்படி ஏறும்போது சுபிக்ஷா வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அவன்தான் இழுத்தான் என்று அந்த மெஷின் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஜட்ஜம்மா வயதானவர். மெதுவாகப் படித்தார். "குழந்தை இன்பா தாயாரிடம் இருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தகப்பனார் அழைத்துச் சென்று மாலையில் திரும்ப விட வேண்டியது."

சுபிக்ஷாவுக்கு அழுகை வந்தது. சொல்லிக்கொடுத்தபடி விழுங்கினாள். அந்தப் பக்கம் நவநீத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். முதல்முறையாக அவன் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. ஜெயித்தவர்களுக்கு அது சுலபம்.

பிறகு தராசு பேசியது. அதற்கென்று ஒரு முகமோ உருவமோ கிடையாது. ஜட்ஜம்மாவின் மேசைக்கு மேலே ஒரு சின்ன ஒலிபெருக்கி, அவ்வளவுதான். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரல்.

"இந்த வழக்கின் காலதாமதத்தில் தாயாரால் ஆனது எட்டில் ஒரு பங்கு. தகப்பனாரால் ஆனது எட்டில் ஒரு பங்கு. மீதி முக்கால் பங்கு, குழந்தை இன்பாவால் ஆனது. இரு தரப்பு வழக்கறிஞர் செலவும் குழந்தையின் பெயரில் ஏற்றப்படுகிறது."

யாருக்கும் புரியவில்லை. ஜெபராணிதான் முதலில் எழுந்தார். "மேடம், இதுல ஏதோ தப்பு இருக்கு. மைனர் குழந்தை மேல எப்படி..."

"ஆதாரம் ஒலிபரப்பப்படுகிறது," என்றது தராசு.

கேன்டீன் சத்தம் கேட்டது. டம்ளர் உரசல், எண்ணெய் பொரியும் சத்தம். அதற்கு நடுவே இரண்டு குழந்தைக் குரல்கள். ஒன்று யாரோ ஒரு பிள்ளை. இன்னொன்று சுபிக்ஷா தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்லக்கூடிய குரல்.

"உங்க கேஸ் இன்னுமா முடியல?"

"நான்தான் முடிய விடலையே."

"எப்படி?"

"வயித்துவலின்னு சொன்னா ஒரு வாய்தா. ஆளை மாத்திச் சொன்னா ஒரு வாய்தா. பாம்புன்னு சொன்னா ரெண்டு. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது, கண்டுபிடிச்சிடுவாங்க. உனக்கு வேணும்னா நீயும் சொல்லு."

"எதுக்கு?"

மெல்லும் சத்தம். எதையோ விழுங்கும் சத்தம்.

"கேஸ் முடிஞ்சா ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கு வரமாட்டாங்க. இப்ப வாய்தாவுக்கு வாய்தா வர்றாங்க. எங்கம்மா டீ குடிப்பாங்க. எங்கப்பா போண்டா சாப்பிடுவாரு. நான் சட்னி கொண்டுபோய்க் கொடுப்பேன். ரெண்டு பேருக்கும் ஒரே சட்னிதான்."

ஒலி நின்றது. சுபிக்ஷா தன்னையறியாமல் எதிர்ப்பக்கம் பார்த்தாள். நவநீத்தும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். வெட்கமாக இருந்தது. ஊர் முன்னால் துணி அவிழ்ந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டத்துல வயசு போடாம விட்டுட்டாங்க," என்றார், யாரிடம் என்றில்லாமல். "மாத்தற அதிகாரம் எனக்கு இல்லை. மத்தியானம் வரைக்கும் நேரம் தர்றேன். பொறுப்பேற்பு ஏதாவது இருந்தா வந்து சொல்லுங்க."

பொறுப்பேற்பு என்றால் என்ன என்று சுபிக்ஷாவுக்குத் தெரியவில்லை. ஜெபராணி வாயில் விரலை வைத்துக் காட்டி, அவளை இளநீர் வண்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் பேசினார்.

"பாப்பாவுக்குப் பதினெட்டு ஆகிற அன்னிக்கு வசூல் ஆரம்பிக்கும். அதுவரைக்கும் வட்டி ஏறும். அவளுக்குப் படிப்புக் கடன் கிடைக்காது. வேலைக்குப் போனா சம்பளத்துல பிடிப்பாங்க."

"நான் கட்டிடறேன் மேடம். ஃப்ளாட்டை வித்துக் கட்டிடறேன்."

"விட மாட்டாங்க. பணக்காரங்க இஷ்டத்துக்கு இழுத்துட்டு, அடுத்தவங்க பேருல காசை வீசிட்டுப் போவாங்கன்னு அந்தக் கதவையும் அடைச்சிட்டாங்க. ஒரே வழிதான் இருக்கு. நான் மட்டும்தான் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தேன்னு உங்கள்ல ஒருத்தர் சத்தியம் பண்ணணும். அப்ப பாப்பா பங்கு முழுக்க அவங்க தலைக்குப் போயிடும். அதுதான் பொறுப்பேற்பு."

"பண்றேன்."

"அவசரப்படாதீங்க. சொல்லிக்கொடுத்தவங்க வீட்டுல குழந்தை இருக்கக் கூடாது. பதினெட்டு ஆகிற வரைக்கும் பாக்கவும் கூடாது. இப்பதான் ஜெயிச்சீங்க."

சுபிக்ஷா இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "பொய்ச் சத்தியம்னு அது கண்டுபிடிச்சிட்டா?"

"வீட்டுக்குள்ள நடந்ததுக்கு அதுகிட்ட காது இல்லை. ஒருத்தர் சொன்னா அப்படியே எடுத்துக்கும்." ஜெபராணி அவள் கையைத் தொட்டார். "வேணாம் சுபிக்ஷா. பாப்பாவுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அதுக்குள்ள சட்டம் மாறலாம். சும்மா இருங்க. இந்தக் கோர்ட்டுல சும்மா இருந்தவங்க யாரும் கெட்டதில்லை."

"மாறலேன்னா?"

ஜெபராணி இளநீர்க்காரருக்குக் காசை எடுத்துக் கொடுத்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரும்புச்சாறு வண்டி. அங்கே நவநீத் தன் வக்கீலோடு நின்றுகொண்டிருந்தான். வக்கீல் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேச்சு என்று ஊகிக்க மூளையே வேண்டாம். சும்மா இருப்பா, அந்தம்மா தானா வந்து மாட்டிக்கும், அப்புறம் குழந்தை உனக்குத்தான். வேறென்ன சொல்லியிருக்கப் போகிறார்? இவள் எழுந்து சத்தியம் செய்தால் இன்பா அந்த வீட்டுக்குப் போவாள். அவளுக்குத் தலை பின்னத் தெரியுமா அவனுக்கு? காய்ச்சல் வந்தால் ரசம் சாதம் தவிர எதுவும் இறங்காது என்று தெரியுமா? ஏழு வருடம் கழித்து ஒரு வளர்ந்த பெண் வந்து நின்றால், என்னைப் பார்த்து என்ன சொல்லுவாள்? இப்படியெல்லாம் நினைத்தாள். ஆனால் கேன்டீன் மேசையில் உட்கார்ந்து இன்னொரு பிள்ளைக்கு வாய்தா வாங்கக் கற்றுக்கொடுத்த அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. இரண்டு பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழந்தையை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தாயிற்று, இப்போது பில்லையும் அவள் கையிலேயே கொடுப்பதா? அந்த எண்ணம் வந்ததும் முடிவும் வந்துவிட்டது.

மதியம் கூடியபோது இன்பாவையும் கூட்டிவந்திருந்தார்கள். யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. முகம் வெளிறி, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பொறுப்பேற்பு ஏதாவது உண்டா?" என்றார் ஜட்ஜம்மா.

சுபிக்ஷா எழுவதற்காக முன்பெஞ்சில் கையை ஊன்றினாள். அதற்குள் அந்தப் பக்கம் நாற்காலி உரசியது.

"நான்தாங்க," என்றான் நவநீத். "நான் மட்டும்தான். வயித்துவலி, பாம்பு, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது." அவனுடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

"இனிமே ஞாயித்துக்கிழமைகூடப் பாக்க முடியாது, தெரியுமா?"

"தெரியுங்க."

சுபிக்ஷா ஊன்றிய கையை எடுக்கவும் இல்லை, எழவும் இல்லை.

எல்லாம் கிடைத்துவிட்டது. இன்பா கடனிலிருந்து தப்பித்தாள். ஃப்ளாட் தப்பித்தது. மகள் இவளோடுதான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகூடப் பங்கு போட வேண்டியதில்லை. வருடக்கணக்காக எந்த வார்த்தையை அவன் வாயால் கேட்க வேண்டும் என்று தவம் கிடந்தாளோ, அந்த வார்த்தையை ஊர் முன்னால் சொல்லிவிட்டான். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதற்குத்தானே காசு கட்டிப் பயிற்சி எடுத்தாள்?

"அப்பா சொல்லிக்கொடுக்கல," என்றாள் இன்பா. எழுந்து நின்றிருந்தாள். "நானாத்தான் பண்ணினேன். அவரு பொய் சொல்றாரு."

"உக்காரும்மா," என்றார் ஜட்ஜம்மா. "நீ மைனர். உன் வாக்குமூலத்தை இது எடுத்துக்காது."

எப்படி இருக்கிறது பாருங்கள். கடனை ஏற்றும்போது பெரிய மனுஷி. உண்மையைச் சொல்ல வந்தால் சின்னப் பிள்ளை.

இன்பா உட்காரவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நீயாவது சொல்லும்மா என்கிற பார்வை. சுபிக்ஷா அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்தாள். குனிந்த பிறகுதான் உறைத்தது. இப்போது சும்மா இருந்தால், இந்தப் பெண்ணோடு ஒரே வீட்டில் ஏழு வருடம் இருக்கலாம். தினமும் தலை பின்னிவிடலாம். அந்த ஏழு வருடமும், அப்பா போனபோது அம்மா வாயைத் திறக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பாவி மனுஷன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்றைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவர் சொல்றது பொய்ங்க மேடம்," என்று எழுந்தாள் சுபிக்ஷா. பக்கத்தில் ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது. "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் மட்டும்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"சுபி, உக்காரு," என்றான் நவநீத். வழக்குத் தொடங்கியதிலிருந்து அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க உக்காருங்க."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"நீங்க மட்டும் ரொம்பத் தெளிவோ?"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா தட்டி அடக்கவில்லை. எல்லோரும் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எப்போதும் உடனே பேசிவிடும். இப்போது பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அதே ஏற்ற இறக்கம் இல்லாத குரல் வந்தது.

"ஒரே செயலுக்கு இருவர் தனித்தனியாக முழுப் பொறுப்பு ஏற்றுள்ளனர். முடிவு செய்ய இயலவில்லை. வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

வாய்தாவை ஒழிக்க வந்த மெஷின் வாய்தா கொடுத்துவிட்டது.

ஜட்ஜம்மா தேதியைக் குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து, பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இதைப் பெரிய வெற்றின்னு நினைச்சுக்காதீங்க. அடுத்த தேதிக்குள்ள ஒருத்தர் வாபஸ் வாங்கணும். வாங்கலேன்னா ரெண்டு பேரையும் சொல்லிக்கொடுத்தவங்களா எடுத்துக்கும். அப்புறம் குழந்தை அரசாங்க இல்லத்துக்குத்தான் போகணும். எனக்கு அங்கேயும் கையெழுத்து மட்டும்தான்."

கீழே இறங்கி வந்தபோது யார் காலும் வாசலுக்குப் போகவில்லை. பழக்கம், கேன்டீனுக்குத்தான் போயிற்று. சுபிக்ஷா தன் வழக்கமான மூலையில் உட்கார்ந்தாள். நவநீத் எதிர்மூலைக்கு நடந்தான். பாதி தூரம் போய் நின்றான். திரும்பி வந்து, இவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

டீ வந்தது. போண்டா வந்தது. பேச வேண்டியது மலையளவு இருந்தது, ஆனால் இந்த இடத்தில் சுவருக்கெல்லாம் காது. யார் வாபஸ் வாங்குவது என்று இங்கே வாயெடுத்தால், எது பொய் எது நிஜம் என்று மேலே இருப்பதற்குத் தெரிந்துவிடும். வாபஸ் வாங்குபவருக்கு இன்பா கிடைப்பாள். மற்றவருக்குக் கடன் மட்டும் மிஞ்சும். இத்தனை நாள் எனக்கு எனக்கு என்று அடித்துக்கொண்டவர்கள், இனி உனக்கு உனக்கு என்று அடித்துக்கொள்ள வேண்டும். நவநீத் போண்டாவைப் பிய்த்தான், வாயில் போடவில்லை.

"இப்ப என்ன பண்றது சுபி?" என்றான் மெதுவாக.

"கொஞ்சம் யோசிக்கணும்," என்றாள் சுபிக்ஷா. சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தாள். கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தது.

இன்பா வழக்கம்போலச் சட்னிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். எடுத்துக்கொண்டு போக இன்னொரு மேசை இல்லை. கிண்ணத்தை நடுவில் வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் இடையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேன்டீன் சுவரில் அன்றைய வழக்குகளின் பலகை ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் வழக்கின் வரிசை வந்தது. இன்றைய ஒத்திவைப்பு: தாயாரால் பாதி, தகப்பனாரால் பாதி. இன்பா அதை உதட்டை அசைத்துப் படித்தாள். தன் பெயரைத் தேடினாள். அதற்கு நேரே ஒரு பூஜ்யம் இருந்தது. மறுபடி ஒருமுறை முதலிலிருந்து படித்துவிட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லம்மா," என்றாள். "இந்த வாய்தாவை நான் வாங்கல. நீங்க ரெண்டு பேரும் வாங்குனது."